பதினான்காவது பிரிவு

விஸ்கான்சினில் பனி கொட்டும் இரவுகளில்
நான் வண்டி ஓட்டுவதில்லை.
வானொலிக் கருவியின் முன் உட்கார்ந்து
யார் எந்தச் சாலையில் என்று குறித்துக்கொள்வேன்.
பனி தள்ளும் வண்டிகள் பதினொன்று.
இருமலை வைத்தே ஆளைச் சொல்வேன்.

முன்பு அவர்கள் சட்டைப்பையில்
சிகரெட் பெட்டியளவில் ஒரு புத்தகம் இருக்கும்.
ஒப்பந்தம்.
பதினான்காவது பிரிவு:
பதினாறு மணி நேரம் ஓட்டியவர்
எட்டு மணி நேரம் உறங்க வேண்டும்.
அந்த ஒரு வரிக்காக
மூன்று குளிர்காலம் பேசினார்களாம்.
கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து.
எங்கள் பக்கத்தது ஆர்லிஸ் ட்வைட்டுடையது,
கிரீஸ் ரேகையோடு.

சட்டம் மாறியது.
ஒப்பந்தம் போய்க் கையேடு வந்தது.
பளபளப்பான தாள்.
இதில் எதையும் எப்போதும் மாற்றலாம் என்று
முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்.
கையெழுத்து கிடையாது;
பெயரில் மட்டும் கை இருக்கிறது.

ஓய்வூதியப் பிடித்தம் கூடி
மாதம் இருநூற்று நாற்பது டாலர் போனது.
பல் மருத்துவரைத் தள்ளிப்போட்டு
அதற்குப் பழகிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு, பத்தொன்பதாவது மணி நேரத்தில்,
லெராய் குப்கா என்னை மகளென்று நினைத்து
"கதவைச் சாத்து கண்ணு, குளிர் வருது" என்றான்.
ஓரம் கட்டச் சொன்னேன்.
மேற்பார்வையாளர் பின்னால் நின்றிருந்தார்.
கெட்டவர் இல்லை, அவருக்கும் ஆள் இல்லை.
"முடியுமா என்று கேள்" என்றார்.
முன்பு அது கேள்வியே இல்லை.
முடியும் என்றான் லெராய்.

நான்கு மைல் தள்ளி
ஒரு தபால் பெட்டியைச் சாய்த்தான்.
தபால் பெட்டிதான்.
பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு நிற்கிற இடம்.
மணி அப்போது நான்கரை.

சங்கம் இருக்கலாம் என்கிறது சட்டம்,
ஆண்டுதோறும் ஓட்டெடுத்து
உயிரோடிருப்பதாக நிரூபித்தால்.
ஓட்டுப் போடாதவர் வேண்டாம் என்றதாகக் கணக்கு.
விடிய விடிய வண்டி ஓட்டிவிட்டு
ஓட்டை மறந்து உறங்குகிறவரும் வேண்டாம்தான்.
வென்றாலும் சம்பளம் பற்றி மட்டுமே பேசலாம்,
விலைவாசி ஏறிய அளவுக்கு.
உறக்கத்தைப் பற்றிப் பேச முடியாது.

"பிறகு எதற்கு?" என்றான் நெங் வாங்.
பதில் என்னிடம் இல்லை.

கடைசி நாளிலும் பனி.
கொட்டகையில் உப்பு நிரம்ப நான்கு நிமிடம்,
தொலைபேசியில் ஓட்டுப் போட மூன்று.
ஒவ்வொருவராக உள்ளே அழைத்தேன்.
நெங் வாங் வந்தான், பேசாமல்.
லெராய் மட்டும் வெகுநேரம் பதில் தரவில்லை.

காத்திருந்த நேரத்தில்
பதிவேட்டில் யாரும் கேட்காத கட்டம் ஒன்றை வரைந்தேன்:
கடைசியாக உறங்கியது எப்போது.