பதினோராம் நம்பர்

பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் வராத காலம்.
பக்கத்துக்கு ஒண்ணேகால் ரூபாய்,
கார்பன் வைத்தால் தனி.

எமர்ஜென்சி முடிந்த வருஷம்
தெற்காவணி மூல வீதியிலிருந்து கோவர்த்தனன் வந்தார்.
பழைய காசு வியாபாரம்.
நிஜம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று
பம்பாய்க்காரர் ஒருவர் வி.பி.பி.யைத் திருப்பிவிட்டாராம்.
"காசுதானேங்க அத்தாட்சி, அதுக்கும் ஒரு காகிதமா?" என்றார்
காகிதத்துக்கு வந்தவர்.

அப்படி ஒரு சான்றிதழை
நாங்கள் இருவருமே பார்த்ததில்லை.
பிறப்புக்கு உண்டு, இறப்புக்கு உண்டு,
சாதிக்கு உண்டு,
மாட்டுக்கு ஊசி போட்டதற்குக்கூட அடித்திருக்கிறேன்.
செம்புக்குக் கிடையாது.
அபிடவிட்டிலிருந்து ஒரு வரியை உருவினேன்:
என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை.

"நம்பிக்கை எதுக்கு? அறிவு போதும்."
அப்படியே அடித்தேன்.

சதுரக் காசு. ஒரு பக்கம் யானை,
மறுபக்கம் மீன் என்று அவர் சொன்ன கோடுகள்.
கல்பாலத்துக்குக் கீழே
வைகை மணலைச் சலிப்பவர்கள் எடுத்தது.
எடை மூன்று கிராம் சொச்சம், நகைக்கடைத் தராசில்.
டவுன்ஹால் ரோடு ஸ்டூடியோவில்
கறுப்புத் துணிமேல் கிடத்தி
பாஸ்போர்ட் சைஸில் இரண்டு முகம்.
அசையாதே என்று சொல்லியிருப்பார்கள்.
கஞ்சிப் பசை காய்வதற்குள்
மீன் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துவிடும்.
ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப், அடியில் கையெழுத்து,
அதற்கும் அடியில், பொடியாக,
அடித்தவள்: ப.ஞா.
பரிபூரணம் மகள் ஞானசுந்தரி.

காசு ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை.

ஆடிக் கடைசியில் வந்தவர் உட்காரவில்லை.
"அறிவை எடுத்துருங்க.
நம்பிக்கையை மட்டும் வைங்க."

விளக்குத்தூண் பக்கம் ஒரு பட்டறையில்
யானையும் மீனும் வார்த்து
புளியிலும் உப்பிலும் ஊறப்போட்டுப்
பச்சை ஏற்றுகிறார்கள் என்று
டீக்கடைப் பையன் முன்னமே சொல்லியிருந்தான்.
கோவர்த்தனன் ஏமாந்தாரா, ஏமாற்றினாரா,
வரிக்கு வரி அடித்த எனக்கே தெரியாது.
வாசகம் மாறினாலும்
அதே ஒண்ணேகால்.

போன வாரம் பெங்களூர் ஏலக் கம்பெனிப் பையன் ஒருவன்
விசாரித்து விசாரித்து
ஞானஒளிவுபுரம் வந்துவிட்டான்.
பிளாஸ்டிக் உறைக்குள் பதினோராம் நம்பர்.
காசைப் பற்றிக் கவலையே இல்லையாம்,
மெஷினில் வைத்துப் பார்த்தாயிற்று,
பாதிக்குமேல் துத்தநாகம்.
இவ்வளவு பழைய காகிதத்துக்குத்தான்
இப்போது விலையாம்.
அதிலும் போலி வருகிறதாம்.
"இது நீங்க அடிச்சதுதானா?"

கண்ணாடியைத் தேடி மாட்டினேன்.
அறிவு இருந்தது, நம்பிக்கை இல்லை.
ஆடிக்கு முந்தியது.
அப்படியானால் அந்தத் துத்தநாகம்
அவர் அறிந்தே சொன்ன காசு.

ஜெனுவின் என்ற வார்த்தையில் 'யு' இல்லை.
இருபது வரைக்கும் நான் விட்ட எழுத்து.
பம்பாய்க்காரரும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.
இருபத்தொன்றில்தான் வக்கீல் குமாஸ்தா ஒருவன் சிரித்தான்.
அதற்கு முந்தைய நம்பரில்
எழுத்துச் சுத்தமாக எதுவும் வந்தால்
அது என் விரலில் பிறந்ததில்லை.

"நான்தான்" என்றேன்.
"அதை எழுதிக் குடுத்துருவீங்களா?"

ரெமிங்டன் எடைக்குப் போய் எத்தனையோ வருஷம்.
தினக் காலண்டரில் ஒரு வியாழக்கிழமையைக் கிழித்து
பின்பக்கம் எழுதினேன், அதே ஆங்கிலத்தில்.
அறிவா, நம்பிக்கையா என்ற இடத்தில்
பேனா சற்று நின்றது.
இரண்டையும் வைத்தேன்.
முதல் தடவையாக முழுப்பெயர் போட்டேன்.

படித்துப் பார்த்தான்.
"நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போச்சு மேடம்."
"அது அப்படித்தான்."

ஒண்ணேகால் ரூபாய்க்கு
அவனிடம் சில்லறை இல்லை.