ஒன்றுக்கு இருபது

கெய்லனிலிருந்து காஸ்த்ரோ போகும் காலைப் பேருந்தில்
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
நின்றுகொண்டே வருவார்கள்,
பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டும்
நின்றே வருவார்கள்.
மழையென்றும் பாராமல்
ஓட்டுநர் தன் பக்கத்துச் சன்னலைத் திறந்துவைப்பான்.
நான் குனிந்து
பூண்டுக் கூடைக்குள் எதையோ தேடுவேன்.

மூன்று முறை குளித்தாயிற்று.
எலுமிச்சை தேய்த்தாயிற்று, காப்பித்தூளும்.
நகக்கண்ணில் குடியேறிய கவிச்சி
நோட்டீஸ் விட்டாலும் காலிசெய்வதாய் இல்லை.

கொட்டகைக்குப் பின்னால் நீல டிரம்.
சால்மன் பண்ணையிலிருந்து
புயலோடு கரையொதுங்கியது, கேட்பாரில்லை.
படகுத்துறையில் மெர்லூசா அரிகிறவர்கள்
தலை, குடல், செவுள் எல்லாம்
வாளியில் தள்ளித் தருவார்கள்,
நான் திரும்பியதும் சிரிப்பார்கள்.
எடைக்கு எடை வெல்லப்பாகு,
காட்டுத் தரையின் மக்கு ஒரு கை.
மூடியை மட்டும் இறுக்கக்கூடாது.

போன ஜூனில் இறுக்கினேன்.
நள்ளிரவில் வெடித்தது.
கூரைத் தகரத்தில் ஒரு செவுள்
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பக்கத்து வீட்டு எல்சிரா சன்னலைத் திறந்து
என் ஏழு தலைமுறையையும் திட்டத் தொடங்கினாள்.
இரண்டாம் தலைமுறையிலேயே
மூக்கைப் பொத்திக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

நாற்பது நாள்.
முதலில் பிணவாடை.
அப்புறம் புளிப்பு.
அப்புறம் ஒரு விடியலில் மூடியைத் தூக்கினால்
ஆப்பிள் கள் போல ஏதோ ஒன்று
நெஞ்சுவரை வந்து நிற்கும்.
முள் குழைந்திருக்கும்.
என்னையே பார்த்துக்கொண்டிருந்த கண்களும்
கரைந்திருக்கும்.
பழைய தலையணை உறையில் வடிகட்டினால்
பழுப்பாய், மெதுவாய் இறங்கும்.

எங்கள் தீவில் மழைக்கு ஓய்வில்லை.
மண்ணில் இருப்பதையெல்லாம்
கடலுக்கே கொடுத்துவிடும்.
கடலிடமிருந்து நான் வாளி வாளியாய்
திருப்பி வாங்குகிறேன், அவ்வளவுதான்.

முதல் வருடம் பேராசை.
தண்ணீர் கலக்காமல் ஊற்றினேன்
ஊதா உருளைக்கு ஒரு பாத்தி முழுக்க.
மறுநாள் இலைகளின் ஓரம்
இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல் கருகியிருந்தது.
பாத்தி நடுவே உட்கார்ந்து அழுதேன்.
தெருநாய்கள் ஐந்து வந்து
என் காலணியை நக்கின.
அதிலிருந்து ஒன்றுக்கு இருபது.
வெயில் சாய்ந்தபின், வேரடியில், ஒரு குவளை.
இப்போது என் பூண்டு
குழந்தையின் முஷ்டியளவு.
சந்தையில் எல்லாரும் கேட்கிறார்கள்
என்ன போடுகிறாய் என்று,
இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

இன்று சோஞ்சி நிறுத்தத்தில் ஒருவர் ஏறினார்.
ரப்பர் காலணி, நனைந்த தொப்பி,
சட்டைப்பையில் பாதி அழிந்த பண்ணையின் பெயர்.
பேருந்து முழுக்க ஒரு பார்வை பார்த்துவிட்டு
நேராக வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூச்சை ஆழ இழுத்தார்.
கண்ணை மூடினார்.
இன்னொரு முறை இழுத்தார்.

"முப்பது நாள்தான் ஆகியிருக்கும்.
அவசரப்பட்டு வடித்துவிட்டீர்கள்.
வெல்லமும் குறைச்சல்."

எனக்குச் சுருக்கென்றது.
முப்பத்திரண்டு நாள் என்றேன்.
பனி விழுமுன் பூண்டுக்கு ஊற்றவேண்டியிருந்தது என்றேன்.
இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று
எனக்கே விளங்கவில்லை.

பத்தொன்பது வருடம்
செத்த சால்மனை அரைக்கும் பிரிவில் இருந்தாராம்.
மார்ச்சில் ஆட்குறைப்பு.
பெயர் எவாரிஸ்தோ நவுயெல்கின்.
வீட்டில் யாரும்
அவர் சட்டையைத் தங்கள் துணியோடு
துவைப்பதில்லையாம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"தண்ணீர் எவ்வளவு கலக்கிறீர்கள்?"
"ஒன்றுக்கு இருபது."
"கோழை. பத்து போதும்."
"உங்கள் பத்து என் பாத்தியை எரித்துவிடும்."
"அது மண்ணைப் பொறுத்தது."
"என் மண்ணை நீங்கள் பார்த்ததில்லை."
"பார்த்ததில்லைதான்."

மழை வலுத்தது.
கூடையை மடியிலிருந்து இறக்கி
இருவர் காலுக்கும் நடுவே வைத்தேன்.
அவர் ஒரு பூண்டை எடுத்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான்.
பெருமூச்சு விட்டு,
நடத்துநரிடம்
இன்னொரு சன்னலையும் திறக்கச் சொன்னான்.