ஈற்றுச்சீர்

வேலந்தாவளம் தாண்டும் லாரிகள்
என் எடைமேடையில் ஏறி இறங்கும்.
தக்காளி, எம்-சாண்ட், கோழி,
ஒருமுறை முழுசாக ஒரு கல்யாணப் பந்தல்.
பாரத்தோடு ஒரு தடவை, காலியாய் ஒரு தடவை,
கழித்தால் வருவது சரக்கு.
சீட்டு அறுபது ரூபாய்.
பின்பக்கம் வெள்ளை. அது என்னுடையது.

எழுதிப் பார்த்ததெல்லாம் அங்கேதான்.
ஹைக்கூ ஒன்றில் மூன்றாம் வரிக்கு நிலா வந்தது.
அன்று அமாவாசை. அடித்துவிட்டேன்.
ஆசிரியப்பா தொட்டால்
மின்வாரியத்துக்கு மனு எழுதியதுபோல் நீண்டுவிடும்.
அந்தாதி மட்டும் இந்த ஊருக்குப் பொருந்தும்:
எங்கள் சாலை முடிகிற கல்லில்
அவர்கள் சாலை தொடங்குகிறது.
அந்தப் பக்கத்துச் சாவடித் திவாகரன்
கட்டஞ்சாயாவோடு வந்து
அட்சரசுலோகம் சொல்வார்,
எழுத்து தந்து என்னைத் தோற்கடிப்பார்.
"நீ எந்தினா எழுதுந்நே?"
தூக்கம் வராமலிருக்க, என்பேன்.
பொய். வந்தாலும் எழுதுவேன்.

வெண்பா முடிய நாலே வாசல்:
நாள், மலர், காசு, பிறப்பு.
என்னுடையவை எல்லாம் காசில் போய் முடிந்தன.
வேலை அப்படி.

பொள்ளாச்சிச் சந்தை கலைந்த செவ்வாய் இரவு,
காதர்மைதீன் வண்டி.
மாடு இருபத்திரண்டு என்றது பர்மிட்.
பன்னிரண்டாயிரத்து நானூற்று அறுபதில்
சிவப்பு எண் நின்றது.
நடுவில் ஒரு செவலை
கால் மடக்க இடமில்லாமல்
நின்றபடியே கன்று போட்டது.
தலைச்சன் ஈற்று.
இருபத்துமூன்று.
எண் அசையவில்லை.
திரையைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

காதர் சட்டையைக் கழற்றிக் கன்றைத் துடைத்தான்.
"அக்கா, சீட்ட மாத்தணுமா?"
எதை மாற்ற?
திவாகரன் டார்ச்சோடு வந்து எண்ணினார்,
மறுபடி எண்ணினார்,
சுலோகம் ஒன்றும் சொல்லவில்லை.
இருபத்திரண்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.
லாரி எங்கே போகிறது என்று
மூன்று பேருக்கும் தெரியும்.

விடியுமுன் இது வந்தது:

        ஏறாமல் நின்ற எடைமேல் இரவொன்றில்
        கூறாமல் கூடும் பிறப்பு.

தளை தட்டவில்லை. எதுகை நிற்கிறது.
வேறு வாசல் வழியே வெளியேறியும் ஆயிற்று.
ஆனால் காதரின் சட்டை இதில் எங்கே?
வாளையாற்றுக் காற்றில் வெறும் பனியனோடு
அவன் கியர் மாற்றியது?
செவலை நாக்கை நீட்டி நீட்டி
கழுத்துக் கயிறு விடாமல்
கன்றுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுபோனது?

அதற்காகத்தான்
அடி, தொடை பார்க்காமல்
இப்படி உடைத்து உடைத்து
நாலு சீட்டின் முதுகில் எழுதுகிறேன்.
ஐந்தாவதை எடுக்கும்போது
வெளியே ஹாரன்.
வெங்காயம்.