மூன்று குளம்புகள்

பேட்டையில் வாங்கும்போது அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.
அதை இங்கே எழுதமாட்டேன்.
அந்தப் பெயரைச் சொன்னால்
இரண்டு காதும் கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
பெயர் முதலில் வரும், பிரம்பு பின்னால் வரும்:
பதினோரு வருடப் பாடம்.

கல்யாண ஊர்வலக் குதிரை.
ஜிகினாத் துணி, நெற்றியில் சிவப்புக் குஞ்சம்,
பேண்டு செட்டுக்கு முன்னங்கால் தூக்கி ஆட்டம்.
மாப்பிள்ளைகள் போட்டோவில் சிரித்திருப்பார்கள்.
முள் கடிவாளம் போட்டோவில் விழாது.
கடைவாயின் இரண்டு பக்கமும்
உளுந்து அளவுக்குத் தடித்த வெள்ளைத் தழும்பு,
அதுவும் விழாது.

ஹைகிரவுண்டில் எனக்கு ராத்திரி டூட்டி.
எலும்பு முறிவு வார்டு.
விடிந்து மேலநத்தம் வந்து
சீருடையோடு கொட்டகைக்குள் போய்
கவிழ்த்துப் போட்ட பெயிண்டு வாளிமேல் உட்காருவேன்,
அவளுக்கு முதுகைக் காட்டி.
முதல் மாதம் முழுக்க அவ்வளவுதான் வேலை.
"கிரேனாப்புக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு.
சங்கிலிய வித்து வாங்குன குதிரைக்குக்
காவல் இருக்கா."

முப்பத்திநாலாம் நாள்
பிடரியில் சூடாக ஒரு மூச்சு.
நனைந்த கொள்ளின் வாசம்.
நான் திரும்பவில்லை.

வார்டில் கைக்குப் பழகியது இது:
வலிக்கிற இடத்தில் தொடங்காதே.
வலிக்காத இடத்திலிருந்து நடந்து போ.
சுருங்கும் முன்னாலேயே எடுத்துவிடு.

தோளிலிருந்து முழங்காலுக்கு நாலு நாள்.
முழங்காலிலிருந்து குளம்புக்கு மூன்று வாரம்.
ஒரு விரற்கடை தூக்கினால் போதும், விட்டுவிடுவேன்.
விட்டதும் தலையைத் தாழ்த்தி
நாக்கால் உதட்டைத் தடவிச் சப்புக்கொட்டுவாள்.
யோசிக்கிறாள் என்று அர்த்தம்.
அல்லது நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன்.
கூப்பிடப் பெயர் இல்லாததால்
"ஏட்டி" என்றேன்.
"ஏட்டி, கால குடு."
அதற்குக் காது முன்னால் வந்தது.

ஆடிக்காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கிற வெள்ளிக்கிழமை
மேலப்பாளையத்திலிருந்து பீர் முகைதீன் வந்தார்.
லாடம் வேண்டாம், சீவினால் போதும்.
நாலு குளம்பும் ஓரம் விரிந்து வெடித்திருந்தன.
உள்ளே அழுகலை
மயில்துத்தம் வைத்துப் பாதி ஆற்றியிருந்தேன்.
பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார்,
நுனியில் கயிற்று வளையம்.
"மேலுதட்ட இதுல மாட்டி முறுக்கிட்டா அசையாதும்மா.
ஜும்ஆவுக்குள்ள முடிச்சிரலாம்."

அசையாதுதான்.
வலியில் உறைந்து கிடந்தவர்களை
'அமைதியாக இருக்கிறார்' என்று
நானே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறேன்.

"வேண்டாம் பாய்."
"உதைச்சா?"
"உதைச்சா, நாம அவசரப்பட்டுட்டோம்னு அர்த்தம்."
சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார்.
இரண்டு எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது,
சரியாகக் கட்டுப்போடாத வேலை.
அவர் பயத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது.
வாளியை நகர்த்திக் கொடுத்தேன்.
"முதுகைக் காட்டியா? நல்லாயிருக்கே," என்றார்,
உட்கார்ந்தார்.

முன்னங்கால் வலது. முன்னங்கால் இடது.
நடுவே நின்று ஒரு பீடி, வெளியே போய்.
பின்னங்கால் வலது.
சீவல்கள் தேங்காய்ச் சில்லாக விழ
தெருநாய் ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது.

நாலாவதற்குக் குனியும்போது
ஆற்றுக்கு அக்கரையில்
கோயில் கொடைக்கு மேளத்தை வாட்டி
யாரோ தட்டிப் பார்த்தார்கள்.
இரண்டே அடி.
அவள் தோல் முழுக்க அலை ஓடியது.
கால் மண்ணில் ஊன்றிவிட்டது.

நான் வாயைத் திறக்குமுன்
பீர் முகைதீன் கத்தியை மடக்கி
இரண்டு எட்டுப் பின்னால் போனார்.
"இது அடுத்த வெள்ளி," என்றார்.
மூன்று காலுக்கு மட்டும் காசு வாங்கினார்.

சாயங்காலம் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன்.
நடை கொஞ்சம் கோணல்தான்.
ஈர மணலில் மூன்று வட்டத் தடம், ஒன்று வெடித்தது.
வெடித்ததில்தான் முதலில் தண்ணீர் ஊறியது.
மேளம் இப்போது விடாமல் கேட்டது.
அவள் குடிப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள்,
ஒரு காதை அங்கே திருப்பினாள்,
ஒரு காதை என் பக்கம் வைத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு டூட்டி.
கயிறு என் கையில் தொய்ந்துதான் கிடந்தது.