பழமொழியின் மறுபாதி

ஆமை புகுந்த வீடும்
அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள்.
நான் நன்னிலம் முன்சீப் கோர்ட் அமீனா.
இருபத்திரண்டு வருஷம்
பாதிப் பழமொழியோடுதான் குடித்தனம் செய்தாள் தையல்நாயகி.
பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை
மீதிப் பாதியையும்
பெயிண்ட் வாளியில் போட்டுக் கொண்டுவந்தேன்.

பேரளத்தில் ஒரு சிமென்ட் கடைக்காரர் வீடு.
ஜப்திப் பட்டியல் எழுதினேன்:
குளிர்சாதனப் பெட்டி ஒன்று.
பீரோ ஒன்று, சாவி இல்லை.
கண்ணாடித் தொட்டி ஒன்று, மூன்றடி, விளக்குடன்.
தொட்டிக்குள் இருந்ததை எழுதவில்லை.
மதிப்பு என்ற கட்டத்தில்
அதற்கு என்ன போடுவது?
அவர் மகள் தன்ஷிகா அழவில்லை.
"அதுக்கு வெயில் வேணும் சார்,
தெனம் வேணும்" என்றாள்.
காதோரம் சிவப்புக் கோடு, உள்ளங்கை அகல ஓடு.
தலையை இழுத்துக்கொண்டு
என்னைப் பார்க்க மறுத்தது.
எதிர்வாதிகள் எல்லோரும் அப்படித்தான்.

அதே தொட்டியை நான் ஏலம் கேட்க முடியாது.
கோர்ட் ஆள் கேட்கக் கூடாது, சட்டம்.
கும்பகோணத்தில் புதிதாக வாங்கினேன், நாலடி.
கண்டக்டர் ஏற்ற மறுத்துவிட்டார்.
தக்காளி வண்டியில், வைக்கோல் சுற்றி,
குடவாசல் வளைவில்
ஒரு கைக்குழந்தையைப் போல மடியில் சாய்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் போர்வெல் உப்பு.
குழாய்த் தண்ணீரில் குளோரின் நெடி.
பிடித்து ஒரு நாள் சும்மா வைத்தேன்,
வாய்தா போட்ட மாதிரி.
ஓட்டின் நீளத்துக்கு இரண்டு பங்காவது ஆழம் வேண்டும் என்றான் கடைப்பையன்.
பொடிக்கல் போடாதீங்க, முழுங்கிடும்.
அதன் தலையைவிடப் பெரிய கல்லாகப் போடுங்க.
டெல்டாவில் கல்லுக்கு எங்கே போவேன்?
தோண்டினால் களிமண்,
இன்னும் தோண்டினால் இன்னும் களிமண்.
ரயில் பாதை ஓரம் கிடக்கிறது,
எடுத்தால் அது வேறு கேஸ்.
கடைசியில் அவள்தான் கொல்லையைக் காட்டினாள்.
வாஷிங் மிஷின் வந்த அன்று
இரண்டாக உடைந்த துவைகல்.
வெந்நீரில் மூன்று நாள் ஊறவைத்தும்
சவுக்காரம் கசிந்துகொண்டே இருந்தது.
நாலாம் நாள் சரிவாக இறக்கினோம்,
முக்கால் தண்ணீரில், கால் மேலே.
மேலே ஒரு சூட்டு பல்ப்,
பக்கத்தில் வெயிலுக்குப் பதிலாக ஒரு குழல்விளக்கு.
அதன் விலையை
இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் கலியமூர்த்தி வந்து பார்த்தார்.
பழமொழி அவர் வாய்வரைக்கும் வந்தது.
என்னையும் பார்த்தார்,
விழுங்கிவிட்டார்.
"முடிகொண்டான் ஆத்துல விட்டுடுங்களேன், புண்ணியம்."
இது இந்த ஆற்றுப் பிள்ளை இல்லை என்றேன்.
விட்டால், அங்கே இருப்பவற்றின்
இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.
பிடுங்குவது பற்றி
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பத்து நாள் கல்லில் ஏறவில்லை.
பில்டர் குழாயின் பின்னால் ஒண்டிக் கிடந்தது.
பதினோராம் நாள், நாங்கள் டி.வி. பார்க்கையில், ஏறிவிட்டது.
பின்னங்கால் இரண்டையும் நீட்டி,
விரல் விரித்து,
யாருக்கும் பாக்கி இல்லாதவன் போலப் படுத்திருந்தது.
படம் எடுத்துத் தன்ஷிகாவின் அப்பா நம்பருக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக்கோடு விழுந்தது.
பதில் வரவில்லை.
வரவேண்டும் என்றும் இல்லை.

ஆனியில் ஆற்றுக்குத் தண்ணீர் வந்தது,
மின்சாரம் போனது.
பகலெல்லாம் பிளாஸ்டிக் தொட்டியோடு மொட்டைமாடியில்,
பாதி வெயில், பாதி சாக்குநிழல்,
காக்கைக்குக் காவலாக நான்.

இப்போது விடிகாலை ஐந்தரைக்கு
ஓட்டால் கண்ணாடியை இடிக்கிறது.
டக்.
கொஞ்சம் விட்டு, டக் டக்.
ஊரார் கதவையெல்லாம் தட்டிப் பிழைத்தவன்,
எந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.
எழுந்துபோய்த் தீனி போடுகிறேன்.
போர்வைக்குள்ளிருந்து தையல்நாயகி கேட்கிறாள்:
"யாரு, கோர்ட்டா?"