காற்று வகையில் ரூ. 561

பங்குனியில் அறுபத்திரண்டு.
சித்திரையில் அறுபத்தொன்று,
பெட்ரோல் தீர்ந்து ஒரு மைல் உருட்டியதைச் சேர்க்காமல்.
ஆனியில் ஐம்பத்தொன்று.

டேங்க் கவரில் ஒரு நாற்பது பக்க நோட்டு.
வாய்வரை நிரப்பி, மீட்டரைக் குறித்து,
மறுமுறை வாய்வரை நிரப்பி வகுப்பேன்.
பங்க் பையனுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு.
"போன தடவ மாதிரி
வண்டியக் குலுக்கிக் குலுக்கி ஊத்தணுமாக்கா?"
ஊத்தணும்.

ரத்தம் எடுப்பது என் வேலை.
வள்ளியூர் லேபிலிருந்து
ராதாபுரம், சமூகரெங்கபுரம், திசையன்விளை.
வெறும் வயிற்றில் காத்திருப்பவர்கள்,
நரம்பு பிடிபடாத தடித்த கைகள்,
ஊசியைக் கண்டதும் ஓடும் ஒரு போலீஸ்காரர்.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
எடுத்த குழாய் இரண்டு மணி நேரத்தில் லேபுக்கு வரவேண்டும்.

நாளுக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர்,
மாதம் இருபத்தாறு நாள்.
லிட்டருக்கு அறுபது என்று வைத்து
ஆல்வின் சார் பெட்ரோல் காசு தருகிறார்.
அறுபதுக்கு மேல் ஓடினால் எனக்கு.
கீழே ஓடினாலும் எனக்குத்தான்.

தங்கப்பழத்தின் ஒர்க்‌ஷாப்பில்
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன்.
ஏர் ஃபில்டரைத் தட்டினான்,
செக்கச் செவேலென்று தேரி மண் கொட்டியது,
ஒரு தொட்டிச் செடி வைக்கலாம்.
பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து
நாக்கில் தொட்டுப் பார்க்காத குறை.
செயினை ஒரு விரல் ஆடும்படி விட்டான்.
கார்புரேட்டரின் சின்ன ஓட்டையில்
தூரிகை மயிர் ஒன்றை விட்டு எடுத்தான்.
பின்சக்கரம் தனியே சுற்றிக்கொண்டே இருந்தது,
பிரேக் உரசல் இல்லை.
முந்நூற்றி இருபது ரூபாய்.

அடுத்த டேங்க் ஐம்பத்திரண்டு.

"வண்டியக் குத்தம் சொல்லாதிய.
மத்தியானம் மேக்க பாத்துல்லா வாரிய?
ஆனி ஆடில காத்த எதுத்து வந்தா
எந்த வண்டியும் குடிக்கத்தான் செய்யும்.
காத்துக்கு நான் எந்த ஸ்குருவத் திருக?"

அதற்குப் பிறகுதான் அவற்றை நிமிர்ந்து பார்த்தேன்.
ஏழு வருடமாக அதே சாலையில்
வலமும் இடமுமாக நிற்கும் காற்றாலைகள்.
என் முகத்தில் அறையும் அதே காற்று
அங்கே யூனிட் யூனிட்டாக விழுகிறது.
அவர்களுக்கு வரவு.
எனக்கு மூன்றாவது கியர்.

கற்றுக்கொண்டேன்.
துப்பட்டா ஒரு பாய்மரம்,
அதை மடித்துப் பைக்குள் வைத்தால்
லிட்டருக்கு ஒன்று கூடுகிறது.
ஐஸ் பெட்டியைக் குறுக்கே வைக்காமல்
நெடுக்கே வைத்தால் இன்னும் ஒன்று.
டேங்க் மேல் குனிந்து ஓட்டினால் ஒன்றரை.
ஆனால் எதிரே வந்த டவுன் பஸ்ஸில்
ஒருத்தன் விசில் அடித்தான்,
அந்த ஒன்றரையைக் காற்றுக்கே விட்டுவிட்டேன்.

ஆனி மாத வவுச்சரில் எழுதினேன்:
கூடுதல் பெட்ரோல் ஐந்தரை லிட்டர்,
காற்று வகையில் ரூ. 561.
ஆல்வின் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
"ஜெசிந்தா, இப்படி ஒரு ஹெட் கிடையாதே."
சிவப்பு மையில் ஒரு கோடு.
கோட்டைப் போட்டுவிட்டு
ஜன்னல் பக்கம் பறந்த ரிப்போர்ட்டுகளின் மேல்
பேப்பர் வெயிட்டை எடுத்து வைத்தார்.

ஆடியிலும் எழுதினேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை.
காலையில் காலிப் பெட்டியோடு கிழக்கே போகும்போது
ராதாபுரத்துக்கு முன்னால் ஒரு சரிவு உண்டு.
நியூட்ரலில் தட்டி
சாவியைத் திருப்பி அணைத்துவிடுவேன்.
முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல்
சத்தமே இல்லாமல் வண்டி போகும்.
செயின் கிணுகிணுக்கும்.
மீட்டர் அதையும் எண்ணும்,
சார் அதற்கும் காசு தருகிறார்.

முன்பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது.
இந்த ஞாயிறு மாற்றவேண்டும்.