துணைக்கால்

அவர்களுக்குக் காலை ஒன்பது.
எனக்கு, ஈசூன் புளோக் எழுநூற்றுப் பதினாறில்,
நள்ளிரவு.
நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்தால்
ஒரு மணி.
பருவமே இல்லாத தீவில்
என் தூக்கத்துக்கு மட்டும்
குளிர்காலம் உண்டு.

திரையில் இருபத்திரண்டு சதுரங்கள்.
பத்தொன்பது பேருக்குப் பெயரை அடுத்து நிறுவனம்.
எண்ணிப் பார்த்தால் மூன்றே நிறுவனங்கள்.
என் பெயரை அடுத்து
‘அழைக்கப்பட்ட வல்லுநர்’ என்றிருக்கிறது.
கல்யாண வீட்டில்
பெண் வீடா, பிள்ளை வீடா என்று
யாரும் கேட்காத விருந்தாளி.

என் வழக்கு சின்னது.
உபியில் ஒரு தொழிற்பேட்டையின் ஆறாம் மாடியில்
நாங்கள் நான்கு பேர் சிறுவர் மின்னூல் போடுகிறோம்.
இந்த மாதப் புத்தகம்: கொக்கு.
எழுத்துகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று விடு என்று
உலாவியிடம் சொன்னால்
முதல் எழுத்தின் கால் கழன்றுவிடுகிறது.
கழன்ற கால் தள்ளிப்போய்
புள்ளிகளாலான ஒரு வட்டத்தைப்
பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தொடக்கநிலை இரண்டு படிக்கும் ஷஃப்னா
கைக்கணினியைத் தூக்கிக் காட்டினாள்:
“ஆன்ட்டி, கொக்கு முட்டை போட்டிருக்கா?”

இதைத்தான் முப்பத்தேழு வரிகளில் எழுதி
எட்டு மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறேன்.
கொம்பும் காலும் சேர்ந்தால்தான் அது எழுத்து,
உயிரையும் மெய்யையும் பிரிப்பதற்கு
எங்களிடம் வேறு சொல் இருக்கிறது என்று
ஒரு வரி சேர்த்திருந்தேன்.
நல்ல ஆங்கிலத்தில் அதை நீக்கச் சொன்னார்கள்.

நீல்ஸ் நல்லவர். தலைவர்.
என் பெயரின் ழகரத்துக்காகத்
தனியே பயிற்சி எடுத்தவர்.
“அருமையான முன்மொழிவு, எழினி.
ஆனால் செய்துபார்க்க யாரும் முன்வரவில்லையே.”
இரண்டு எஞ்சின்களாவது செய்துகாட்டினால்தான் தரம்.
விதி அது.
இருப்பதே மூன்று எஞ்சின்.
மூன்றுக்கும் சாவி
அந்தப் பத்தொன்பது பேரில் சிலர் பையில்.

அடுத்த பொருள்.
வாசகர் எந்த வரியில் எத்தனை விநாடி நின்றார் என்று
பக்கமே எண்ணிச் சொல்லும் வசதி.
போன மாதமே எல்லார் ஃபோனிலும் இறங்கிவிட்டதாம்.
தரத்தில் எழுதுவதுதான் பாக்கி.
தாலி கட்டி முடித்துவிட்டு
ஜாதகம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“மறுப்பு உண்டா?”

ஐந்து விநாடி.
எங்கள் நூல் விற்பது அவர்கள் கடையில்.
சம்பளச் சீட்டு வருவது அவர்கள் அஞ்சலில்.
கையுயர்த்தும் அந்த மஞ்சள் பொத்தானும்
அவர்கள் வரைந்த கை.
மூன்றாவது விநாடியில்
பக்கத்து வீட்டில் யாரோ கழிவறைத் தண்ணீரை இழுத்துவிட்டார்கள்.
நான்காவதில் அழுத்தினேன்.

பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை.
எங்கோ முட்டைக் கதையும் வந்துவிட்டது.
இருவர் சிரித்தார்கள், அன்பாகத்தான்.
“நன்றி. பதிவு செய்துகொள்கிறோம்.”
மற்றவர்களின் மௌனம்
சம்மதமாக எண்ணப்பட்டது.

காலை. கோப்பி ஓ கோசோங், இரண்டு பாக்கெட்.
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
ஜன்னலே இல்லாத ஒன்பது மாடி.
உள்ளே குளிரூட்டி ஓயாமல் இரைகிறது.
திறந்த வலை எங்கே இருக்கிறது என்று ஷஃப்னா கேட்டால்
இந்தச் சுவரைத்தான் காட்ட வேண்டும்.

புத்தகம் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.
தலைப்பை வெட்டிப் படமாக ஒட்டினேன்.
இப்போது கொக்குக்குக் கால் இருக்கிறது.
தேடினால் கிடைக்காது.
பார்வையற்ற பிள்ளைக்குக் கருவி வாசிக்கும்போது
‘படம்’ என்று மட்டும் சொல்லும்.
மாற்று விவரம் எழுதலாம், எழுதினேன்;
கடை அதை இறக்குமதியில் உதிர்த்துவிட்டது.

மாலையில் கூட்டக் குறிப்பு வந்தது.
பதினோரு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில் என் மறுப்பு, ஒரே வரி,
உதாரணச் சொல்லோடு.

அந்த வரியிலும்
கொக்கு முட்டை போட்டிருந்தது.